எல்லார் போனிலிருந்தும் நத்தையை எடுத்தோம்

வில்லாபுரம்,
மதுரை.
திங்கட்கிழமை.

அன்பு மகன் ஜெய்சனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஆண்டவர் கிருபையில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த லிஸ்பன் ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். வாட்ஸப் இருக்கும்போது அம்மா ஏன் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வீடியோவில் உன் முகத்தைப் பார்த்தால் கேட்க நினைத்ததைக் கேட்காமல் என்ன குழம்பு வைத்தேன் என்று சொல்லி வைத்துவிடுகிறேன். ஆலன் மாமா மகள் வியாழக்கிழமை அங்கே படிக்க வருகிறாள், பருப்புப் பொடியோடு இதையும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் செய்த பிரவுசரை நிறுத்தப்போகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும் தம்பி. போன மாதமே தெரியும். பள்ளிக்கூடத்தில் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பத்தாம் வகுப்பு ரிசல்ட் பக்கத்தைத் திறந்தேன், உங்கள் பிரவுசரின் அடையாளமான அந்த நீல நத்தைப் படத்துக்குக் கீழே மஞ்சள் பட்டையில் இங்கிலீஷில் வந்தது, இந்த பிரவுசருக்கு இனிமேல் அப்டேட் வராது, பாதுகாப்புக்கு யாரும் பொறுப்பில்லை, வேறொன்றுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று. திரும்பத் திரும்பப் படித்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லவில்லை, அவர் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு நெட் சரியில்லை என்றார். அவரும் பார்த்துவிட்டார் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வேலையெல்லாம் எப்படி இருக்கிறது என்று உன்னிடம் கேட்டேன், நல்லா போகுதும்மா என்றாய். சரி என்று விட்டுவிட்டேன், ஆனால் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. கணக்குப் பேப்பர் திருத்தினால் சரியான விடைக்குத் தப்புப் போடுகிறேன், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நிற்கிறேன், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். அப்பா காலையில் தண்ணீர் ஊற்றிய செடிக்கே மறுபடி ஊற்றிக்கொண்டிருந்தார், இந்த மனுசனுக்கு என்ன வந்தது என்று நான் பாட்டுக்குத் திட்டினேன்.

அப்பாதான் அதை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவர், உனக்குத் தெரியுமே. சவரம் செய்யப் போன இடத்தில், பூசை முடிந்து மாதா கோயில் வாசலில், யார் போன் கையில் கிடைத்தாலும் வாங்கி, விளம்பரமே வராது, எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், என் மகன் செய்தது என்று சொல்லிப் போட்டுக் கொடுத்துவிடுவார். எனக்குக்கூடக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். சமயநல்லூரில் விதைக்கடை வைத்திருக்கிறாரே முத்துப்பாண்டி, அவரும் அப்படிப் போட்டுக்கொண்டவர்தான். போன வாரம் அவர் கடைக்குப் போன அப்பாவிடம் மஞ்சள் பட்டையைக் காட்டி, அண்ணே இத மூடப்போறாகளாமே, தம்பிக்கு வேலை இருக்கா என்று நேராகக் கேட்டுவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். என்னங்க என்றேன். ஒனக்கு ஒண்ணு சொல்லணும் என்றார். எனக்கும் தெரியும் என்றேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இத்தனை நாள் ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறோம். அப்புறம் இரண்டு பேருமாக உட்கார்ந்து வேலை போனால் விசா என்னவாகும் என்று தேடினோம், ஒரு பக்கம் இருக்கலாம் என்கிறது, இன்னொரு பக்கம் கிளம்ப வேண்டும் என்கிறது, படிக்கப் படிக்கப் பயம்தான் கூடியது.

மறுநாள் காலையில் அப்பா ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். போட்டுக் கொடுத்த வீட்டுக்கெல்லாம் போய் எடுத்துவிட்டு வருகிறேன் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆறு வருசம் என் பிள்ளை கண் விழித்துச் செய்ததை நாமே நம் கையால் அழிப்பதா, தானாகப் போகிற அன்றைக்குப் போகட்டுமே என்று சத்தம் போட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"நம்மள நம்பித்தான மேரி போட்டாக. இனிமே பாத்துக்க ஆளில்லன்னு தெரிஞ்ச பெறகு சும்மா இருந்தா, அது நம்ம பிள்ளைக்குத்தான கெட்ட பேரு."

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். தெருத் தெருவாகப் போனோம், சமயநல்லூர் போனோம், அப்புறம் அந்த வெயிலில் டி. கல்லுப்பட்டியில் அத்தை வீடு வரைக்கும் போனோம். சேர்த்து வைத்த பக்கங்களையும் பாஸ்வேர்டுகளையும் வேறொன்றுக்கு மாற்றிக் கொடுத்து, பிறகுதான் நத்தையை எடுத்தார். ஒவ்வொரு தடவையும் நிச்சயமாக அழிக்கவா என்று போன் கேட்கும், அப்பா கொஞ்சம் நிற்பார், பிறகு அழுத்துவார். சிலர் இதற்காகவா இம்புட்டுத் தூரம் வந்தீர்கள் என்றார்கள், சிலர் அது போனில் இருந்ததையே மறந்துபோயிருந்தார்கள், அது எனக்குக் குத்தியது.

கடைசியாக நம் தெருக்கோடியில் ரவிக்கை தைக்கிற கனகா வீட்டுக்குப் போனோம். விவரம் சொன்னதும் மெஷினை நிறுத்திவிட்டுக் கொஞ்சநேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். அவள் மகளுக்கு எட்டாம் வகுப்பிலிருந்து பாடமெல்லாம் அந்த ஒரு போனில்தான், முன்பு இருந்த பிரவுசரில் எதைத் திறந்தாலும் கண்ட கண்ட படம் வந்து விழும், போனைப் பிடுங்கி வைத்துவிடுவாள், பிள்ளை அழும். அப்பாவிடம் போனைக் கொடுத்தபோது அவள் சொன்னதை உனக்குச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று வைத்துக்கொள்.

"தம்பிகிட்டச் சொல்லுங்க சார். அவுக புண்ணியத்துலதான் எம்மக கையில பயமில்லாம போனைக் குடுத்தேன். அவ இப்ப காலேசுக்குப் போறா."

அப்பா எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்து ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டே நடந்தார், நானும் கூடவே நடந்தேன். அன்றைக்குத்தான் இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம். ஆனாலும் தம்பி, நிம்மதி வரவில்லை. நீ ஏன் சொல்லவில்லை, யாருக்குப் பயந்தாய், அங்கே தனியாக இதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய் என்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. அங்கேயே வேறு வேலை தேடுவதானால் தேடு, கிளம்பி வருவதானால் வா, மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, எதற்கும் நாங்கள் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம். தெரியாத மாதிரி நடிக்க மட்டும் எங்களுக்குத் தெம்பில்லை. பையனை நெருக்காதே என்று அப்பா சொல்லியிருக்கிறார், இதை எழுதுவது அவருக்குத் தெரியாது. அதனால் கடிதம் வந்தது என்று காட்டிக்கொள்ளாதே, நீயாகவே சொல்வது போல முதலில் அப்பாவிடம் சொல். அவர் அதற்காகத்தான் போனைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு நடக்கிறார்.

நீ போகும் வழியெல்லாம் மாதா துணை வரட்டும், ஆண்டவர் உன் கையின் உழைப்பை ஆசீர்வதிக்கட்டும். பொடியை ஈரக் கரண்டி போடாமல் எடு, ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா,
ஆன்மேரி யேசுதாஸ்.