கொஞ்சந்தானுங்க

மார்ச் 12, செவ்வாய்

சலீம் பாய் கடையில் இன்று என் மானம் போயிற்று. சிங்காநல்லூரில் மோட்டார் பம்பு உதிரிபாகம் விற்கிறார். அவருக்கு இருப்புப் பட்டியல் புரோகிராம் எழுதிக் கொடுத்தவள் நான்தான்.

காலையில், பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரில் கடைசி ஒன்றை விற்றிருக்கிறார். விற்பனைத் திரையில் அது பூஜ்யமாகிவிட்டது. பக்கத்திலேயே திறந்திருந்த இருப்புத் திரையில் மட்டும் ஒன்று என்றே நின்றிருக்கிறது. அதைப் பார்த்து, போனில் கேட்ட அன்னூர் விவசாயியை வரச் சொல்லிவிட்டார். இரண்டு பஸ் மாறி வந்த மனுஷன், நான் நின்றுகொண்டிருக்கும்போதே, "வாழை காயுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

சரக்கு விவரத்தை ஒரே மாடலில், அதாவது ஒரே பொதுக் கணக்கில் வைத்து, எல்லாத் திரையும் அதையே பார்க்கும்படி எழுதியிருக்க வேண்டும். சோம்பேறி நான், சாதா டேபிள் விட்ஜெட்டைப் போட்டேன். ஒவ்வொரு திரையும் தனக்கென்று ஒரு நகலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

எல்லாம் புரோகிராம் கேட்ட அன்றைக்கு சலீம் பாய் சொன்ன வார்த்தையால் வந்த வினை. "சரக்கு கொஞ்சந்தானுங்க அம்மணி, சின்னதா ஒண்ணு போதுமுங்க." இந்த ஊரிலேயே பிறந்துவிட்டு, மரியாதைப் பேச்சை அளவுக்கணக்கு என்று நம்பினேனே! அவருடைய 'கொஞ்சம்' இரண்டு குடோனை அடைத்துக்கொண்டிருக்கிறது.

இப்போதுதான் போன் செய்தார். திட்டவே இல்லை. அதுதான் எரிகிறது. "ஒண்ணும் அவசரமில்லீங்க அம்மணி, மெதுவாப் பாத்துக்கலாமுங்க."

காலையில் கடை திறப்பதற்குள் வேண்டும் என்று அர்த்தம்.