லண்டனுக்குப் போகாத தலைவர்

செப்டம்பர் 7, 2025, ஞாயிறு

நவம்பர் கடைசியில் பிரிக்பீல்ட்ஸ் வாசகர் வட்டத்தில் பேச வேண்டும். தலைப்பு நானே கேட்டு வாங்கியது: அயர்லாந்தின் தன்னாட்சிப் போராட்டம். மூன்று வாரமாகப் படிக்கிறேன். 1921இல் பிரிட்டனோடு பேச ஐந்து பேரை லண்டனுக்கு அனுப்புகிறார்கள். முழு அதிகாரம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டு, கையெழுத்துக்கு முன் டப்ளினைக் கேட்க வேண்டும் என்று தனியாக ஓர் உத்தரவு. தலைவர் டி வலேரா போகவில்லை. ஏன்? கேட்டது முழுதாகக் கிடைக்காது என்று தெரிந்தே பழியை அடுத்தவன் தலையில் கட்டினார் என்கிறார்கள் சிலர். இல்லவே இல்லை என்கிறார்கள் சிலர்.

மாலையில் குழுக் கூட்டம். கிள்ளானில் எங்கள் பழைய தோட்டத்து லயத்து வரிசை வீடுகள் இருக்கும் நிலத்தை வாங்கிய கம்பெனி, பங்சார் அலுவலகத்துக்கு ஒரு பிரதிநிதியை வரச் சொல்லியிருக்கிறது. நாற்பத்தாறு குடும்பமும் தலைவரான என்னைப் பார்த்தது. முட்டி வலி என்றேன். செயலாளர் நாகையா போகட்டும் என்றேன். லோரி ஓட்டுகிறவன், முப்பது வருடச் சிநேகிதன். “நீங்க சொன்னா போறேன் அண்ணே” என்றான்.

முட்டி வலி உண்மைதான். நேற்று இதே முட்டியோடுதான் பாசாருக்குக் காய்கறி வாங்க நடந்து போய் வந்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். ‘முழு அதிகாரம்’ என்ற சொல்லுக்குக் கீழே என் கையெழுத்து. கம்பெனித் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு போன் செய் என்று வாயால் சொன்னேன்.

ஆடித் திருவிழாவில் அம்மன் சந்நிதியில் எல்லோரையும் நிறுத்தி, சூடம் அணைத்துச் சத்தியம் வாங்கியதும் நான்தான். மண்ணோடு வீடு, ஃபிளாட் வேண்டாம், அதுவரை நகர மாட்டோம். நல்ல கைதட்டல். வெறுங்கையால் நெருப்பை அணைத்துவிட்டு வந்தவர்களை வைத்துக்கொண்டு என்ன பேரம் பேச முடியும்? அன்றைக்கு இது தோன்றவில்லை. வாத்தியாராக இருந்தவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

செப்டம்பர் 18, வியாழன்

மூன்று மணிக்கு நாகையா பங்சாரிலிருந்து கூப்பிட்டான். தெலுக் பங்லிமா காராங்கில் கட்டி முடித்த ஃபிளாட், குடும்பத்துக்கு ஒன்று. இன்றே கையெழுத்து. இல்லையென்றால் நீதிமன்ற உத்தரவோடு திங்கட்கிழமை இடிக்க வருவார்கள். “என்ன அண்ணே செய்யட்டும்? சத்தியம் பண்ணியிருக்கோம்லா. நீங்க சொல்லுங்க.”

போடு என்று சொல்லியிருக்கலாம். போடாதே என்றும் சொல்லியிருக்கலாம். “அங்க இருக்கிறது நீ. உனக்குச் சரின்னு பட்டா செய்” என்றேன்.

நாலு மணிக்குள் போட்டுவிட்டான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கோயில் மண்டபத்தில் கூட்டம். பட்டறை வைத்திருக்கும் ஜீவன் எழுந்து, “சூடம் அணைச்ச கை எப்படிய்யா கையெழுத்துப் போட்டுச்சு?” என்று கேட்டான். துரோகி என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவனுக்கு நாகையாதான் லோரி வேலை வாங்கிக் கொடுத்தான்.

நாகையா என்னை ஒரு தடவை பார்த்தான்.

நான் சொன்னது இதுதான்: அதிகாரம் கொடுத்துத்தான் அனுப்பினோம், ஆனால் கேட்டுவிட்டுச் செய்யச் சொல்லியிருந்தோம். இதில் பொய்யென்று ஒரு சொல் கிடையாது. கேட்டான் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அவனும் வாயைத் திறக்கவில்லை.

கை தூக்கினார்கள். ஏற்கலாம் இருபத்தைந்து, கூடாது இருபத்தொன்று. நான் ‘கூடாது’க்குத் தூக்கினேன். ஜெயித்துவிடாது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தூக்கினேன்.

செப்டம்பர் 22, திங்கள்

இன்று எழுத ஒன்றுமில்லை. பொய். இருக்கிறது.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

நாகையா வீட்டுக்கு யாரும் போகவில்லை. இருபத்தைந்தில் ஒருவர்கூட. ஃபிளாட் வேண்டும், வாங்கிக் கொடுத்தவன் வேண்டாம். நானும் போகவில்லை. தலைவர் ஒரு பக்கம் சாயக் கூடாதாம், நானே சொல்லிக்கொண்டேன். அவன் மனைவி மலர் வழக்கம்போல முறுக்கு கொடுத்தனுப்பினாள். இரண்டு தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 27, திங்கள்

லண்டனுக்குப் போன ஐவரில் ஒருவரான காலின்ஸ் பற்றிய பகுதியை எழுதி முடித்தேன். உடன்படிக்கையில் கையெழுத்திட்டபோதே இது என் சாவுக்கும் கையெழுத்து என்று எழுதியவர். ஒன்பது மாதத்துக்குள் சொந்த மாவட்டத்திலேயே, சொந்த நாட்டுக்காரர்களே சுட்டார்கள். அந்தப் பக்கத்தை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

நாகையாவுக்குப் பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது. அம்மன் கேட்டுவிட்டாள் என்று கோயில் வாசலிலேயே பேசுகிறார்கள். ரத்த அழுத்த மாத்திரையை அவன் ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை, எனக்குத் தெரியும். அவர்களிடம் அதைச் சொல்லியிருக்கலாமே? சொல்லவில்லை.

பேச்சும் போய்விட்டதாம். கேட்டதும் வயிற்றில் ஒரு நிம்மதி. ஐயோ, நானா? ஆமாம், நான்தான். எழுதி வைக்கிறேன், நாளைக்கு மறுக்க முடியாதபடி.

நவம்பர் 12, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாகையா என்னைப் பார்த்து இடது கையைத் தூக்கினான். பிடித்துக்கொண்டேன். ஏதோ சொல்லப் பார்த்தான், எச்சில்தான் வழிந்தது. துடைத்துவிட்டேன்.

வெளியே வராந்தாவில் மலர் சொன்னாள்: “அன்னிக்கு நீங்க போன்ல சொன்னதை அவர் எங்கிட்ட சொன்னாரு அண்ணே. வெளிய சொல்லிடாதேன்னாரு. தலைவர் பேரு கெட்டா, ஏத்துக்கலாம்னு கை தூக்குன இருபத்தஞ்சும் கலைஞ்சிடும், எல்லாரும் தெருவுல நிப்போம்னாரு.”

நான் வீடு திரும்ப பஸ் இருக்கிறதா என்று மட்டும் விசாரித்தாள்.

நவம்பர் 30, ஞாயிறு

பிரிக்பீல்ட்ஸில் பேசினேன். நாற்பது பேர். முடிந்ததும் பின்வரிசையில் ஒரு பெண், அந்தத் தலைவர் ஏன் லண்டனுக்குப் போகவில்லை, சார் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். தண்ணீர் குடித்தேன். வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை என்றேன். கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள்.

ஜனவரி 6, 2026, செவ்வாய்

நாகையா விடியற்காலையில் போய்விட்டான். இடுகாட்டுக்குப் பதினோரு பேர் வந்தார்கள்.

ஜனவரி 25, ஞாயிறு

எல்லோரும் ஃபிளாட்டுக்கு வந்தாயிற்று. ஜீவனுக்கு மூன்றாவது மாடி, நல்ல காற்று என்கிறான். கீழ்த்தளத்தில் புதுக் குடியிருப்போர் சங்கத்தின் முதல் கூட்டம் நடந்தது. தலைவராக என்னையே இருக்கச் சொல்லி ஜீவன் முன்மொழிந்தான். கடைசி வரை சத்தியம் மாறாத மனுஷன் என்றான். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்கள். நான் மலர் பக்கம் பார்த்தேன். ஒருவேளை அவள் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன், சொல்லிவிட மாட்டாளா என்றும் இருந்தது.

ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். மலரும் தூக்கினாள்.