பத்தாம் ஆண்டுக்கு ஒரு கேக்

பர்ன்லி,
4 நவம்பர்

அன்புள்ள ஹோவர்ட்,

தொலைபேசியில் பேசினால் நீ சிரித்தே சமாளித்துவிடுவாய். ஆகவே எழுதுகிறேன்.

நமது உணவு வங்கிக்குப் பத்தாம் ஆண்டு விழாவாம்; கேக் வெட்டுகிறாயாம்; நான் வரவேற்புரை ஆற்ற வேண்டுமாம். ஒரு குளிர்காலம் தாண்டும்வரை என்று சொல்லித்தானே தேவாலயத்தின் பின்னறையைக் கேட்டு வாங்கினோம்? இவ்வளவு செல்வமுள்ள நாட்டில் இதை இன்னும் மூட முடியவில்லை என்பதற்கா கேக்?

அந்தக் கேக்கைத் தரும் சூப்பர் மார்க்கெட்டில்தான் என் பழைய மாணவி ஜனீன் சரக்கு அடுக்குகிறாள். வேலை முடிந்த கையோடு, சீருடை தெரியாதபடி கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு நம் வரிசையில் நிற்கிறாள். சென்ற வெள்ளிக்கிழமை, ஹீட்டர் சூட்டில் அறை புழுக்கமாக இருக்கிறதே, கோட்டைக் கழற்றலாமே என்றேன்.

"கழட்டுனா கடை பேரு தெரியும் வாத்தியாரே. நான் அடுக்குன பீன்ஸ் டப்பாவ நானே இங்க வந்து தர்மமா வாங்கிட்டுப் போறேன். இத வெளிய சொல்லிடாதீங்க" என்றாள்.

உனக்கு மட்டும் சொல்கிறேன், விழாவின் அபத்தம் விளங்கட்டும் என்று. அதை நிறுத்து.

உன்
கிளைவ்

பர்ன்லி,
9 நவம்பர்

என் அருமைக் கிளைவ்,

உன் கோபம் எனக்குப் புதிதா என்ன? ஆனால் கேக்கை மறுத்தால் கடை அனுப்பும் டப்பாக்களும் நின்றுவிடும். பிறகு வெற்று அலமாரியின் முன் நின்று யாருக்கு நியாயம் சொல்வோம்?

ஒரு நல்ல செய்தி. கொடுப்பவர்களுக்கு ஒரு முகத்தைக் காட்டினால் மனம் இளகும் என்பது நம் அனுபவம். எனவே கடை மேலாளரிடம் ஜனீனைப் பற்றிச் சொன்னேன்; வேலை நேரத்தைக் கூட்டித் தருவார் என்ற நம்பிக்கைதான். உருக்கமாகக் கேட்டுக்கொண்டார். பெயரையும் குறித்துக்கொண்டார்.

விழாவுக்கு வந்துவிடு. "அந்த முசுடு வரலன்னா நானே போய்க் காதைப் புடிச்சு இழுத்துட்டு வரேன்" என்கிறாள் என் மனைவி பாட்.

என்றும் உன்
ஹோவர்ட்

பர்ன்லி,
17 நவம்பர்

திரு. ஹோவர்ட் அவர்களுக்கு,

மேலாளர் ஜனீனை அழைத்துப் பேசினார். கடையின் சீருடையில் தர்ம வரிசையில் நிற்பது கடைக்கு இழுக்காம். அவளது வேலை நேரத்தைப் பாதியாக வெட்டிவிட்டார். காரணம் கேட்டதற்கு, வியாபாரம் மந்தம் என்றாராம்.

வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. உணவுப் பையுடன் வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தாள்.

"உங்க ஒருத்தர்கிட்டதான் வாத்தியாரே சொன்னேன்."

பையை வாங்கவில்லை. இனிப் பேருந்தேறிப் பக்கத்து ஊரான நெல்சனுக்குப் போய், தன்னை யாருக்கும் தெரியாத வரிசையில் நிற்பாளாம்.

அவள் சொன்னதை உங்களுக்கு எழுதியது என் பிழை. அதைக் கடைக்குக் கொண்டுபோனது உங்கள் கருணை. இரண்டில் எது கொடியது என்று நான் வாதிடப்போவதில்லை. மேலாளரிடம் மறுபடி சென்று அவளது வேலை நேரத்தைக் கேளுங்கள். விழாவுக்கு முன்பே கேளுங்கள். உருக்கமாக அல்ல, உரக்க.

விழாவுக்கு வரமாட்டேன். வெள்ளிக்கிழமைகளில் வழக்கம்போல் வருவேன். வரிசையில் நிற்பவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை. எந்தச் சாமான் எங்கே என்று கேட்டால் பதில் சொல்வேன். அதற்குமேல் நாம் பேசிக்கொள்ள ஒன்றும் இல்லை.

பாட் அவர்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
கிளைவ் ஓமரோட்