மூன்று பக்கம் வார்னிஷ்

டிசம்பர் 9
பூனாகலைத் தோட்டத்துப் பங்களா ஏலத்தில் எடுத்த, கண்ணாடித் தகட்டில் படம் பிடிக்கும் பிளேட் கமெராவை இன்று விரித்துப் பார்த்தேன். மகோகனிப் பெட்டி. தோல் துருத்தியில் ஓட்டையில்லை. நூறு வருடம் கைபட்டுக் கறுத்த மெருகு அப்படியே இருக்கிறது. விலை அதில்தான். பழைய சாமான் வாங்கி விற்கும் எனக்கு இதை எவரும் சொல்லித்தரவில்லை.

மகன் ஜீவராஜ் எட்டிப் பார்த்து, "விறகு வந்திருச்சாப்பா?" என்றான். என்னைக் கேட்காமல் கட்டார் வேலைக்குக் கையெழுத்துப் போட்டவனோடு என்ன பேச்சு?

டிசம்பர் 17
பாலன் பிறக்கும் நத்தாருக்கு வீடெல்லாம் சாயம். கதவு, மேசை, கதிரை எல்லாவற்றுக்கும் அவனே வார்னிஷ் அடிக்கிறான்.

டிசம்பர் 21
ஹாலிஎல டவுனுக்குப் போய்த் திரும்பினால் — பேப்பர் விரித்து அதன்மேல் என் கமெரா! மூன்று பக்கம் வார்னிஷ். சவப்பெட்டி மாதிரிப் பளபளப்பு. தூரிகையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

"போறதுக்கு முந்தி ஒங்களுக்கு ஏதாச்சும் செஞ்சு குடுக்கணும்னு நெனச்சேன்ப்பா."

"போறவன் போய்த் தொலையேன்டா! என் சாமான்ல ஒன்னைய யாரு கை வைக்கச் சொன்னது?"

நாலாம் பக்கம் அப்படியே நின்றது.

நான் சொன்னது தப்பா? தப்பில்லை.

டிசம்பர் 24
நடுச்சாமப் பூசைக்குக் கோயிலுக்கு வந்தான். எங்களோடு உட்காராமல் வேறு வாங்கில் உட்கார்ந்தான்.

டிசம்பர் 28
கட்டாருக்குப் போய்விட்டான். கிளம்பும்போது, சாத்தியிருந்த என் அறைக்கு வெளியே அவன் காலடி வந்து நின்றது. பிறகு போனது.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா கொறஞ்சா போயிருவீங்க?" என்று மனைவி பிரான்சிஸ்கா அழுகிறாள். அவன் கதவைத் தட்டியிருக்கலாமே.

ஜனவரி 19
பழைய கமெரா வாங்கும் ஷுக்ரி கொழும்பிலிருந்து வந்தார்.

"இந்த மூணு பக்கத்தையும் சுரண்டி எடுத்தா இன்னும் வெல இருக்கு. நானே செஞ்சு தாறன்."

"கை வைக்காதீங்க."

"அப்ப இது விக்கிற சாமானே இல்ல ஐயா."

"இல்லாட்டிப் போகுது."

பெப்ரவரி 11
நாலாம் பக்கத்தையும் பூசி முடிக்க வேண்டும். அதே வார்னிஷ் வேண்டும். டின்னை எங்கே போட்டானோ தெரியவில்லை.

இன்று கட்டாரிலிருந்து அவன் அம்மாவுக்குப் போன் கோல் எடுத்தான். "அது என்ன வார்னிஷ்னு கேளு" என்றேன் அவளிடம். கேட்டாள். எனக்கும் கேட்கட்டும் என்று போனைச் சத்தமாக வைத்தாள்.

"இன்னமும் அதையேதான் புடிச்சிக்கிட்டு இருக்காராம்மா? சொரண்டிக்கச் சொல்லு. நா ஒன்னும் நெனச்சுக்க மாட்டேன்."

"பூசத்தான்டா" என்றேன். அதற்குள் போனை வைத்துவிட்டான்.

மறுபடி எடுக்கவா என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் சொன்னேன்?

பெப்ரவரி 13
பதுளையில் ஹாட்வெயார் கடைக்காரர் ஏழெட்டு டின்களைத் திறந்து காட்டினார். எல்லாம் ஒரே நிறமாகத்தான் தெரிகிறது.

"அடிச்சது யாரு, மகன்தானே? அவர்கிட்டயே கேட்டுட்டு வாங்களேன் ஐயா."

சரி என்று சொல்லி இறங்கி வந்தேன்.