மூன்றாம் கேள்விக்கு அண்ணன் எழுதாத பதில்

மே 4, ஞாயிறு

இல்லை, எனக்கு ஓட்டு வேண்டாம் என்றுதான் சொன்னேன். பதில்களை வாங்குவது, தட்டச்சு செய்வது, படித்துக் காட்டுவது, எண்ணுவது. அது போதும். சொந்த அண்ணனின் பெயர் பட்டியலில் இருக்கும்போது எப்படிக் கை தூக்குவது?

"அப்போ செயலாளர் வேலையை மட்டும் பாரு. அதுக்கு நீதான் சரி" என்றார் சலூன்காரர். எங்கள் ஊர்க் கால்பந்து கிளப்பின் ரசிகர் மன்றத் தலைவர் அவர். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. மன்றக் கூட்டம் அங்கேதான். இருபத்திரண்டு பேர். இரண்டு பக்கச் சுவரிலும் கண்ணாடி. ஒருவர் கோபப்பட்டால் பத்துப் பேர் கோபப்படுவது போல இருக்கும்.

பழைய கோச் போய்விட்டார். அடுத்தவர் யார்? கிளப்பின் நிர்வாகிகள் இருவர். ஒருவர் சொல்லும் ஆளை மற்றவர் ஏற்பதில்லை. சலித்துப்போய், இம்முறை மன்றம் யாரைச் சொல்கிறதோ அவரே என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மூன்று பேர். நான்கு கோப்பை வென்ற ஒருவர் (இவரைக் கோப்பைக்காரர் என்கிறார்கள்). பதினொரு வருடமாக இங்கேயே இருக்கும் உதவி கோச். மூன்றாவது அண்ணன்.

அண்ணனின் பெயரை யாரும் சொல்லவில்லை. 'ரிவர்ஸ்' என்றார்கள். பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார், எல்லாவற்றுக்கும் ஆஃப்சைடு என்று கத்துவதால் அவருக்கே ஆஃப்சைடு என்று பெயர். "ரிவர்ஸ் வந்தா டீம் பின்னாடிதான் போகும். பஸ் ஓட்டுறவன் சொல்றேன், கேட்டுக்கோங்க" என்றார். சிரிப்பு. பிறகு என் பக்கம் திரும்பி, "தப்பா எடுத்துக்காதம்மா."

எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்தால் வைக்க இடமில்லை.

மே 6, செவ்வாய்

ஒருமுறையாவது முழுதாக எழுதிப் பார்க்க வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன், பருவத்தின் கடைசி ஆட்டம். சமன் செய்தாலே முதல் பிரிவில் தங்கியிருப்போம். எண்பத்தொன்பதாவது நிமிடம். அண்ணன் தடுப்பாட்டக்காரன். நிமிர்ந்து பார்க்காமல் பந்தைக் கோல்கீப்பருக்குத் திருப்பிக் கொடுத்தான். கோல்கீப்பர் அங்கே இல்லை. பந்து மெதுவாக எங்கள் கோலுக்குள்ளேயே போனது. அவ்வளவு மெதுவாக ஒரு பந்து போய் நான் பார்த்ததில்லை.

அன்று மாலை எங்கள் வீட்டு வாசலில் முப்பது பேர் நின்று கேலியாக விசில் அடித்தார்கள். கல் எறியவில்லை, திட்டவில்லை. விசில் மட்டும். அம்மா ஜன்னல்களைச் சாத்தினாள். அண்ணன் மேசையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். மறுநாள் காலை அவன் படுக்கை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கு முன் அவன் படுக்கையை மடித்ததே இல்லை.

இப்போது ரயிலில் பதினொரு மணி நேரத் தொலைவில் ஒரு சிறிய கிளப்பின் கோச். மாதம் ஒரு போன். "சாப்பிட்டியா, அம்மா எப்படி இருக்கா, சரி வைக்கிறேன்."

மே 9, வெள்ளி

அவன் மனுப் போட்டதே நான் கேட்டதால்தான். "அண்ணா, ஒரு தடவை போட்டுத்தான் பாரேன்" என்றேன். பிறகு, "சரி குட்டி."

அந்தச் 'சரி'யை வைத்துக்கொண்டு மூன்று வாரம் ஓட்டிவிட்டேன்.

மே 13, செவ்வாய்

பதில்கள் வந்துவிட்டன.

நான்கு வருடத்துக்கு முன் கோச் தேர்வு விவாதத்தில் சலூனில் ஒரு கண்ணாடி உடைந்தது. அதன்பின் மன்றத்தில் இருக்கும் கணக்கு டீச்சர் கொண்டுவந்த வழக்கம் இது: எல்லோருக்கும் ஒரே மூன்று கேள்விகள். பெயர் இல்லை. செயலாளர் பதில்களைத் தட்டச்சு செய்து எண் கொடுத்து உரக்கப் படிக்க வேண்டும். ஓட்டு எண்ணுக்கு. எண்ணிய பிறகுதான் பெயர்.

ஒன்று: இருக்கிற பதினொரு பேரை வைத்து எப்படி ஆடுவீர்கள்?
இரண்டு: தோற்ற மறுநாள் என்ன செய்வீர்கள்?
மூன்று: எங்கள் கிளப்புக்கு ஏன் வர விரும்புகிறீர்கள்?

முதல் கேள்விக்கு அண்ணன் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறான். இடது ஓரத்தில் ஆடுபவனின் முழங்கால் வலி வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறான். அப்படியானால் ஒவ்வோர் ஆட்டத்தையும் அங்கிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்! இரண்டாவதற்கு: "காலை ஏழு மணிக்குப் பயிற்சி. யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை. ஓடினால் போதும்."

மூன்றாவதற்கு ஒன்றும் இல்லை. கோடு கூட இல்லை. வெள்ளைத் தாள்.

மே 16, வெள்ளி

அண்ணனை ஐந்து முறை அழைத்துவிட்டேன். "வேலை. பிறகு" என்று ஒரு செய்தி.

நான் காது பரிசோதனை செய்யும் கிளினிக்கில் இன்று ஒன்பது பேர். சத்தம் நுழையாத அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கண்ணாடிக்கு வெளியே நான். "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க. சந்தேகமா இருந்தாலும் அமுக்குங்க." குறைத்துக்கொண்டே போவேன். ஒரு பெரியவர் நான் எதையும் அனுப்பாதபோதே அமுக்கிக்கொண்டிருந்தார். "கேட்டுச்சே" என்று சாதித்தார். காத்திருப்பவர்களுக்கு அப்படித்தான் கேட்கும் என்று எங்களுக்குப் பாடத்திலேயே உண்டு.

மே 17, சனி

எழுதிவிட்டேன்.

வெற்றுத் தாளை எப்படி உரக்கப் படிப்பது? அதுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன். பொய். படிக்கலாம். "பதில் இல்லை" என்றால் இரண்டு சொல்.

எண் இரண்டு, அதாவது அண்ணன்; மூன்றாம் கேள்வி. நான் எழுதியது:

"நம் மைதானத்தில் வடக்கு மூலைக்கு அருகே ஒரு சிறு பள்ளம் உண்டு. வேகமாக வரும் பந்தும் அங்கே ஒரு நொடி தயங்கும். இன்னும் அது நிரம்பவில்லை. எத்தனையோ நல்ல மைதானங்களில் நின்றுவிட்டேன். பந்து எங்கே தயங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியது அந்த ஒன்றில்தான்."

எழுதி முடித்துப் படித்தபோது அவன் குரலிலேயே கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

மே 18, ஞாயிறு

எண் வரிசையில் படித்தேன்.

எண் ஒன்று, மூன்றாம் கேள்வி: "வாய்ப்புக் கிடைத்தால் என் கடமையைச் செய்வேன்."

"இது ரிவர்ஸ்" என்றார் ஆஃப்சைடு. "எழுத்துலயே பயம் தெரியுது பாருங்க."

எண் மூன்று: "சவால்களை எப்போதும் விரும்புகிறேன்."

"கோப்பைக்காரர்! இதையே இன்னும் எட்டு கிளப்புக்கு அனுப்பியிருப்பாரு. கவர்ல பேரு மட்டும் வேற." சலூன்காரர்.

எண் இரண்டைப் படித்தேன். பள்ளம் வந்ததும் கண்ணாடிகளில் கூட யாரும் அசையவில்லை. ஆஃப்சைடு மூக்கை உறிஞ்சினார். "நம்ம அசிஸ்டன்ட்டுதான்யா இது. அந்த மண்ணுல கெடந்தவன் எழுத்து. வேற எவனுக்குத் தெரியும் அந்தப் பள்ளம்?"

எண் இரண்டு: பதின்மூன்று. எண் ஒன்று: ஐந்து. எண் மூன்று: மூன்று.

பெயர்களைச் சொன்னேன்: ஒன்று உதவி கோச், இரண்டு அண்ணன், மூன்று கோப்பைக்காரர்.

யாரோ "ஐயோ" என்றார்கள். யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். "எண்ணினதுல தப்பு இருக்கும்", "மறுபடி வைங்க". எல்லாரும் ஆஃப்சைடைப் பார்த்தார்கள். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டது போட்டதுதான்" என்றார் கடைசியில். "அவன் இன்னும் அந்தப் பள்ளத்தை ஞாபகம் வச்சிருக்கான்யா. நாம என்னத்தை ஞாபகம் வச்சிருக்கோம்? ஒரே ஒரு பாஸை."

கணக்கு டீச்சர் என் தோளைத் தட்டினார். அந்த இடம் இன்னும் சுடுகிறது.

மே 19, திங்கள்

அம்மா மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறாள். அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்திருக்கிறாள். கேட்டால், "சும்மா, பாச்சை வருதுன்னு" என்கிறாள். கரப்பான் பூச்சிக்காக யாராவது சட்டை மாட்டும் ஹேங்கர் ஆறு வாங்குவார்களா?

சொல்ல வாயெடுத்தேன். பாடிக்கொண்டிருந்தாள். அம்மா பாடி எத்தனை காலம் ஆயிற்று.

மே 20, செவ்வாய்

ஆறாவது ஆளாக உள்ளே வந்தவர் உதவி கோச். வலது காது. பதினொரு வருடம் விசில் ஊதிய பக்கம்.

சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனேன். நேர்மையான மனிதர். கேட்காதபோது அமுக்கவே இல்லை. கேட்டும் ஒருமுறை தயங்கி விட்டுவிட்டார்.

வெளியே வந்து, சட்டைப் பையில் சீட்டை மடித்து வைத்துக்கொண்டே, "உங்க அண்ணன் ரொம்ப நல்லா எழுதியிருந்தாராமே" என்றார். "எனக்கு அப்படியெல்லாம் எழுத வராதும்மா. அந்தப் பள்ளத்துல தினமும் நான்தான் மண்ணு போடுறேன். மழை வந்தா மறுபடி விழுந்துடும். அதை எழுதணும்னு தோணலை பாருங்க."

சிரித்தார். கேலியில்லை. அதுதான் தாங்கவில்லை.

அடுத்த நோயாளியைப் பத்து நிமிடம் காத்திருக்கச் சொன்னேன். சத்தம் நுழையாத அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மே 21, புதன்

அண்ணன் அழைத்தான். அவனாக.

"தலைவர் பேசினாரு. பள்ளம் பள்ளம்னு அழறாரு. என்ன குட்டி இது?"

சொன்னேன்.

மறுமுனையில் பையன்கள் கத்தும் சத்தம். பந்து எதன்மேலோ மோதும் சத்தம்.

"நீ காலியா விட்டியே அண்ணா."

"காலியா விட்டதுதான் பதில்."

"அப்போ ஏன் மனுப் போட்டே?"

"நீ கேட்டே. அதுவரைக்கும் நீ என்கிட்ட எதுவுமே கேட்டதில்லையே."

அவருக்கு என்ன சொன்னாய் என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றானாம். அதை எழுதியவள் நான் என்பதை அவரிடம் சொல்லவில்லையாம். "அது உன் வேலை. என்னை மாதிரி விட்டுட்டு ஓடிடாதே" என்றான். பிறகு, "ஆனா அந்தப் பள்ளத்தைப் பத்தி நான் உன்கிட்ட சொன்னதா ஞாபகமே இல்ல."

சொன்னான். எனக்குப் பத்து வயது. வேலிக்கு வெளியே நின்று கேட்டேன். அதை அவனிடம் சொல்லவில்லை.

மே 24, சனி

நாளை மன்றத்தில் சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது? நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நன்றாக வந்ததையெல்லாம் அடித்துவிட்டேன். நன்றாக எழுதியதால் வந்த வினைதானே.

மே 25, ஞாயிறு

"மூன்றாம் கேள்விக்கு அண்ணன் பதில் எழுதலை. நான் எழுதினேன்."

அவ்வளவுதான் சொன்னேன். பிறகு செயலாளர் குறிப்பேட்டை டீச்சரிடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

கூச்சல். "அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து திட்டம் போட்டிருக்காங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "அவனுக்குத் தெரியாது" என்றேன். "தெரியாதுன்னு நீ சொல்றே." நம்பிக்கையை உடைத்தவள் நம்புங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

டீச்சர் எழுந்து, எண் இரண்டின் இரண்டு பதில்களையும் படித்தார். "மூணாவதுக்குப் பதில் இல்லை" என்றும் படித்தார். அதற்குள் சலூன்காரரின் போனில் அண்ணனின் செய்தி வந்தது: மனுவைத் திரும்பப் பெறுகிறேன், மன்னிக்கவும். மறு ஓட்டு. உதவி கோச் பதினாறு. அவர் பதிலில் இருந்த பயம் இன்று யாருக்கும் தெரியவில்லை.

படியிறங்கும்போது ஆஃப்சைடு பின்னால் வந்தார்.

"அந்தப் பள்ளம்... நீயா?"

"ஆமா."

"நல்லா எழுதினே. பண்ணது தப்பு." ஒரு படி இறங்கி நின்றார். "அன்னைக்கு உங்க வாசல்ல நானும் விசில் அடிச்சேன்மா. அவன் வந்தா நேர்ல சொல்லிக்கலாம்னு நெனச்சேன். இப்போ அதுவும் இல்லாமப் போச்சு."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை கிடையாது.

மே 26, திங்கள்

அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள், மடிப்பதை நிறுத்தவில்லை.

"வரமாட்டேங்கிறானா, வர முடியலைங்கிறானா?"

"தெரியலைம்மா."

"இத்தனை நாள் பேசி, இத்தனை எழுதி, அதைக் கேட்கலையா நீ?"

கேட்கவில்லை. வா என்றுதான் எல்லா விதத்திலும் சொல்லியிருக்கிறேன். மூன்றாம் கேள்வியே அதுதானே. ஏன் வர விரும்புகிறாய். வர விரும்புகிறாயா என்று யாருமே கேட்கவில்லை.

"நாம ரெண்டு பேரும் போய்ப் பார்த்துட்டு வரலாமா?"

"நான் வரலை. நான் போனா அழுதுடுவேன். அதுக்காகவே அவன் கிளம்பி வந்துடுவான். அப்படி வர வேண்டாம்." அடுத்த துணியை எடுத்து உதறினாள். "நீ போ. எப்படி இருக்கான்னு பார்த்துட்டு வா. வான்னு மட்டும் சொல்லிடாதே."

மே 30, வெள்ளி

கிளினிக்கில் இரண்டு நாள் விடுப்புச் சொன்னேன்.

ஜூன் 8, ஞாயிறு

அண்ணன் கிளப்பின் போட்டிகள் எங்களுடையதைவிடத் தாமதமாக முடிகின்றன. இன்றுதான் கடைசி ஆட்டம். மரப்பலகை இருக்கைகள், முந்நூறு பேர் இருக்கலாம். பக்கத்திலிருந்த பெண் சூரியகாந்தி விதையை நீட்டி, "எந்தப் பையன் உங்க பையன்?" என்றாள். கோச் என்றேன். "ஓ, அவரா! தங்கம். ஆனா சிரிக்கவே மாட்டாரு."

அவனுக்கு முன்நெற்றியில் முடி போய்விட்டது. எனக்கு யாரும் சொல்லவில்லை. கோட்டுக்கு வெளியே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அப்பா இருந்த நாளில் நின்றது போல நிற்கிறான். முப்பதாவது நிமிடத்தில் அவனுடைய தடுப்பாட்டப் பையன் ஒருவன் பந்தைத் தப்பாகத் திருப்பிக் கொடுத்துவிட்டான். கோல். அரங்கம் முழுக்க ஒரு முனகல். அண்ணன் அந்தப் பையனைக் கூப்பிட்டு எதுவும் சொல்லவில்லை. அவன் இருக்கும் பக்கமாகக் கோட்டோரம் நடந்து போய், ஆட்டம் மறுபடி தொடங்கும்வரை அவனுக்கு அருகே நின்றான். அவ்வளவுதான்.

ஆறு வருடமாக அவன் எங்களிடம் இல்லை என்று மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. இங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை.

இவ்வளவையும் முதல் பாதி முடிவதற்குள் மடியில் வைத்து எழுதினேன். இடைவேளை விசில் ஊதிவிட்டார்கள். பேனாவை மூடிப் பையில் வைக்கப் போகிறேன். படிகளில் இறங்கிப் போய், வேலியோரம், அவன் கண்ணில் படும் இடமாகப் பார்த்து நிற்கப் போகிறேன்.