பீரோ கதவுல நான் அழிச்சது

அக்கா, நான் வேலைக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு ஹாட்பாக்ஸ்ல இருக்கு, சாவி ஷூ ரேக் மேல.

நேத்து நீ டீச்சர் இன்டர்வியூக்காக பீரோ கதவையே போர்டாக்கி, சாக்பீஸால "My brother is taller than me"னு எழுதி பாடம் எடுத்துப் பாத்தியே, நான் பெரிய மேதாவியாட்டம் சிரிச்சு, me-ய அழிச்சிட்டு I போட்டேன். நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இன்டர்வியூக்கே போகலைன்னுட்ட.

ஆனா எனக்கு மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. காலையில உன் கிராமர் புக் ரெண்டையும் புரட்டிட்டேன். me, I ரெண்டுமே சரியாம்க்கா! பேசறப்ப எல்லாரும் meதான் சொல்றாங்களாம். I போட்டா கோட்டு சூட்டு மாட்டிக்கிட்டு வந்து நிக்கற மாதிரி இருக்குமாம். than I amனு முழுசா முடிச்சிட்டா எவனும் வாயத் திறக்க முடியாது. செமயா இருக்குல்ல? இதையே அங்க பாடமா எடேன்!

பி.கு. உன் நீலச் சட்டையை அயர்ன் பண்ணி பீரோ கைப்பிடியில மாட்டியிருக்கேன். எடுக்கும்போது கதவைப் பாரு, நான் அழிச்ச me-ய நானே திரும்ப எழுதி வெச்சிருக்கேன்.

இன்னொண்ணு. me தப்பில்லக்கா, நான் சிரிச்சதுதான் தப்பு. பதினோரு மணிக்கு இன்டர்வியூ, போயிட்டு வா.