பதினொரு கைபேசிகள்

அன்புள்ள அக்கா,

உன் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் இறுதிச்சுற்று அன்று, நாங்கள் எல்லாரும் கூடிப் பார்த்த கிங்ஸ்பரி மண்டபத்தில் என்ன நடந்தது என்று கேட்டிருந்தாய். ஒன்றையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நீ தொப்பியும் கித்தாருமாகப் பெரிய திரையில் தோன்றி அந்த அமெரிக்கக் கன்ட்ரி பாட்டைப் பாடியதும் அம்மா அழுதார்.

"நீ பாடமாட்டியோ, பிள்ளை?" என்று அஜந்தா மாமி என்னைக் கேட்டார்.

"அவளுக்குப் புத்தகம் மட்டும்தான்," என்றார் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வோட்டுப் போடும் நேரம் வந்தது. "நீதான் பிழைவிடாமல் நம்பரை அமத்துவாய்," என்று மாமிமார் தங்கள் கைபேசிகளை என்னிடம் தந்தார்கள். பதினொன்று. பதினொன்றிலும் உன்னை எதிர்த்துக் கடைசிவரை போட்டியில் நின்ற வேல்ஸ்காரிக்கே போட்டேன். ஒரு தடவைகூட விரல் தவறவில்லை.

ஆனாலும் நீ வென்றாய். இப்போது உன் பாட்டுகள் வானொலியில் வருகின்றன. மேடைக்கு மேடை, "எல்லாருடைய போனிலும் எனக்கு வோட்டுப் போட்டவள் என் தங்கை," என்கிறாய். இனி அதைச் சொல்லாதே அக்கா, கேட்க ஏலாது.

அன்று உன் பெயரை அறிவித்ததும் எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். நான் மடியில் கைபேசிகளோடு அப்படியே இருந்தேன். அம்மா என் பக்கம் திரும்புவதற்குள், மண்டபத்தின் நேரம் முடிந்ததென்று விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

உன் தங்கை